மால்ட்டாவில் ஒரு புளியாரை

சென்ற பிப்ரவரியில் மகளைப் பார்க்க மால்ட்டா தீவுக்குப் போயிருந்தேன். ரயில்வேக்காரன் அல்லவா! 1883 முதல் 1931 வரை அங்கு ஓடிய ரயிலின் பாதையைத் தேடித்தான் முதலில் நடந்தேன். கண்ணில் பட்டதோ மஞ்சள் பூக்கள். வயல், வரப்பு, கல்சுவர் எங்கும் அதே மஞ்சள். ஒரு தண்டைக் கிள்ளி வாயில் வைத்தேன், புளித்தது. நம் ஊர்ப் புளியாரையின் இனம்!

அங்கே மழை குளிர்காலத்தில்தான், கோடையில் வறட்சி. ஆகவே வெயிலுக்கு முன்பே பூத்து முடித்து, இச்செடி மண்ணுக்குள் சிறு கிழங்குகளாக உறங்கிவிடுகிறது.

இதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மால்ட்டாவுக்கு வந்தது. உள்ளூர்க்காரர்கள் இன்றும் 'ஆங்கிலேயச் செடி' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். இருநூறு ஆண்டாகியும் வந்தேறிதான்! நாற்பது ஆண்டு வெளியூரில் வாழ்ந்த எனக்குச் சுருக்கென்றது.

குனிந்து பார்த்தேன். அதன் அடியில் வேறு சிறு செடிகள் வெளிச்சமின்றி வெளுத்துக் கிடந்தன. ஊராரின் மனக்குறையும் புரிந்தது.

"தாத்தா, மஞ்சள் அழகுதானே?" என்றாள் பேத்தி.

"அழகுதான் கண்ணு. பக்கத்தில் இருப்பவருக்கும் கொஞ்சம் வெயில் விட்டால் இன்னும் அழகு" என்றேன்.