சத்து மாத்திரை உடலில் சேர வேண்டுமானால்

வைட்டமின்களும் கனிமங்களும் கலந்த மல்டிவைட்டமின் மாத்திரைகளுள் எது உடலில் நன்கு சேரும் என்பது புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. கேட்போரில் பலர் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயரையே விடையாக எதிர்பார்க்கின்றனர். ஆனால் மாத்திரையில் உள்ள சத்து உடலில் சேர்வதை அதன் பெயரோ விலையோ பெரிதும் தீர்மானிப்பதில்லை. அதனை எந்த வேளையில், எந்த உணவோடு, வேறு எந்த மருந்துகளோடு உட்கொள்கிறோம் என்பதும், நம் இரைப்பையும் குடலும் எந்நிலையில் உள்ளன என்பதுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆகவே, மருந்துக்கடைக்குச் செல்லும் முன்பு, நாம் ஏற்கெனவே உட்கொண்டுவரும் மருந்துகளின் பட்டியலை எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை.

உடல் சத்தை ஏற்கும் முறை

விழுங்கிய மாத்திரை இரைப்பையில் கரைகிறது. அதிலிருந்து பிரியும் சத்துகள் பெரும்பாலும் சிறுகுடலின் வழியே இரத்தத்தில் கலக்கின்றன. ஆனால் எல்லாச் சத்துகளும் ஒரே வழியில் உள்ளே செல்வதில்லை.

வைட்டமின் ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. உணவில் சிறிது எண்ணெயோ நெய்யோ இருந்து, பித்தநீரும் கணைய நீரும் சுரந்தால்தான் இவை நன்கு உள்ளே செல்லும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கும் வைட்டமின் டி மாத்திரையை விட, மதிய உணவுக்குப் பின் விழுங்கும் அதே மாத்திரை கூடுதலாகச் சேரும்.

பி தொகுதி வைட்டமின்களும் வைட்டமின் சி-யும் நீரில் கரைபவை. இவற்றுக்குக் கொழுப்பு வேண்டியதில்லை. தேவைக்கு மிஞ்சியது சிறுநீரில் வெளியேறிவிடும். மல்டிவைட்டமின் உட்கொள்ளத் தொடங்கியதும் சிறுநீர் அடர்மஞ்சளாக மாறுவதைக் கண்டு, மாத்திரை உடலில் சேராமல் வீணாகிறது எனப் பலர் அஞ்சுகின்றனர். அந்நிறம் ரிபோஃப்ளேவின் எனப்படும் பி2 வைட்டமினுடையது. அது குடலால் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கலந்து, மிகுதியான அளவு மட்டும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. அஞ்சுவதற்கு அதில் எதுவுமில்லை.

பி12-இன் வழி சற்றுச் சிக்கலானது. இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதத்தோடு இணைந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அது உறிஞ்சப்படுகிறது. இரைப்பையோ சிறுகுடலின் அப்பகுதியோ அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்டவர்களுக்கு இவ்வழி அடைபட்டுவிடும். எனினும், மாத்திரையில் உள்ள பி12-இல் ஏறத்தாழ 100-இல் 1 பங்கு, அந்தப் புரதத்தின் துணையின்றியே குடற்சுவரைக் கடக்கிறது. நாளொன்றுக்கு நமக்கு வேண்டியது 2 மைக்ரோகிராம் அளவே. 1,000 மைக்ரோகிராம் மாத்திரையிலிருந்து 10 மைக்ரோகிராம் சேர்ந்தாலும் அது போதுமானது. மாத்திரையில் இவ்வளவு மிகுதியான அளவு ஏன் என்ற ஐயத்திற்கு இதுவே விடை. ஆயினும் நரம்புப் பாதிப்பு தெரியத் தொடங்கியவர்களுக்கு ஊசி மருந்தே முதலில் தரப்படும்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

முதலாவது, சத்து எந்த வடிவில் உள்ளது என்பது. கால்சியம் கார்பனேட்டில் 100-க்கு 40 பங்கு கால்சியம். அது கரைய இரைப்பை அமிலம் தேவை என்பதால் உணவோடு உட்கொள்ள வேண்டும். கால்சியம் சிட்ரேட்டில் ஏறத்தாழ 21 பங்கே கால்சியம். ஆனால் அமிலம் குறைவாக இருப்பினும் அது சேரும். நெஞ்செரிச்சலுக்காகப் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வோருக்கும் முதியோருக்கும் சிட்ரேட் வடிவம் ஏற்றது. மெக்னீசியம், துத்தநாகம் ஆகிய இரண்டும் ஆக்சைடு வடிவத்தை விடச் சிட்ரேட் வடிவத்தில் எளிதில் உறிஞ்சப்படுகின்றன. இரும்பில் ஃபெரஸ் எனத் தொடங்கும் உப்புகள், ஃபெரிக் எனத் தொடங்கும் சாதாரண உப்புகளை விட நன்கு சேரும்.

இரண்டாவது, உண்மையான அளவு. ஃபெரஸ் ஃபியூமரேட் 100 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால் அதில் இருப்பது 33 மில்லிகிராம் இரும்பே. லேபிளில் எலிமென்டல் அயர்ன், எலிமென்டல் கால்சியம் என்று எழுதியுள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒரு நாளில் உணவின் மூலம் பெற வேண்டிய இரும்பு ஆண்களுக்கு 19 மில்லிகிராம், மாதவிலக்குக் காலத்துப் பெண்களுக்கு 29 மில்லிகிராம். கால்சியம் இருபாலார்க்கும் 1,000 மில்லிகிராம்.

மூன்றாவது, எல்லாச் சத்துகளும் ஒரே மாத்திரையில் என்னும் விளம்பரம். 1,000 மில்லிகிராம் கால்சியத்திற்கு 2,500 மில்லிகிராம் கார்பனேட் வேண்டும். வேறு இருபது சத்துகளையும் சேர்த்து விழுங்கும் அளவுள்ள ஒரு மாத்திரையில் அது அடங்காது. அடங்கினாலும் பயன் குறைவு. ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கால்சியத்தைக் குடல் நன்கு ஏற்பதில்லை. மேலும், கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். எனவே இரத்தசோகைக்காக இரும்பும் எலும்புக்காகக் கால்சியமும் தேவைப்படுவோர் இவ்விரண்டையும் தனித்தனி வேளைகளில் உட்கொள்வதே முறை.

நான்காவது, மாத்திரையின் மேற்பூச்சு. இரும்பு பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. இரைப்பையில் கரையாத பூச்சுடைய மாத்திரைகளும் மெதுவாகக் கரைபவையும் அப்பகுதியைத் தாண்டிய பின்னரே இரும்பை வெளிவிடக்கூடும். வயிற்றுக்கு இதமாக இருப்பினும் அவற்றிலிருந்து சேரும் இரும்பு குறைவு.

மல்டிவைட்டமின்கள் நம் நாட்டில் இரு வகையாக விற்கப்படுகின்றன. சில மருந்து உரிமத்தின் கீழ் வருபவை. சில துணை உணவு என்ற பெயரில், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணோடு வருபவை. பின்னவற்றின் மேல், இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று என ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். உரிம எண்ணும் காலாவதி நாளும் இல்லாதவற்றை வாங்கவே வேண்டாம். மிட்டாய் போன்ற மென்று தின்னும் வகைகளில் பெரும்பாலும் சர்க்கரை உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் லேபிளைப் பார்த்தே வாங்க வேண்டும். லிபோசோமல், நானோ என்னும் சொற்கள் விலையை உயர்த்தும். அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கும் சாதாரண இரும்பு மாத்திரையே, முறையாக உட்கொண்டால், பெரும்பாலோரின் குறைபாட்டைச் சரிசெய்யப் போதுமானது.

உணவும் வேளையும்

தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிணைத்துக்கொள்ளும். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இவற்றைத் தவிர்க்க வேண்டும். பாலுக்கும் இது பொருந்தும். வைட்டமின் சி இரும்பைச் சேரச் செய்யும் துணை. எலுமிச்சைச் சாறு, கொய்யா, நெல்லிக்காய் ஆகியவற்றுள் ஒன்றோடு உட்கொள்வது நன்று. வெறும் வயிற்றில் இரும்பு கூடுதலாகச் சேரும். குமட்டல் ஏற்படுவோர் சிறிது உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். அரைகுறையாகச் சேர்ந்தாலும், நிறுத்திவிடுவதை விட அது மேலானது.

இரும்பை உட்கொண்ட பின், ஏறத்தாழ ஒரு நாள்வரை, மேலும் இரும்பு சேர்வதைக் குறைக்கும் ஹெப்சிடின் என்னும் இயக்குநீர் உடலில் உயர்கிறது. ஆகவே சிலருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரும்பு உட்கொள்ளுமாறு மருத்துவர் கூறுவதுண்டு. அதனைக் குறைவான சிகிச்சை எனக் கருத வேண்டாம். கருவுற்ற பெண்கள் மட்டும் தங்களுக்குச் சொல்லப்பட்ட தினசரி முறையைத் தாமாக மாற்றக் கூடாது.

இரும்பு உட்கொள்ளும்போது மலம் கறுப்பது இயல்பு. ஆனால் தார்போல் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போனால் அது குடலில் இரத்தக்கசிவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பிற மருந்துகளோடு சேரும்போது

நோயாளிகள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. தைராய்டு குறைபாட்டிற்குத் தைராக்சின் உட்கொள்ளும் பெண்மணி, மறந்துவிடாமலிருக்க, கால்சியத்தையோ மல்டிவைட்டமினையோ அதனோடு சேர்த்தே விழுங்குவார். கால்சியமும் இரும்பும் தைராக்சினைப் பிணைத்துவிடும். சோர்வு தீராது, இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். உயர்ந்திருக்கும், மருந்தின் அளவும் கூட்டப்படும். பின்னொரு நாள் கால்சியத்தை அவர் நிறுத்தினால், கூட்டப்பட்ட அளவு முழுவதும் உடலில் சேர்ந்து படபடப்பை உண்டாக்கும். 4 மணி நேர இடைவெளி விட்டிருந்தால் இவை எதுவும் நேர்ந்திரா.

டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும், எலும்புத் தேய்மானத்திற்குத் தரப்படும் அலென்ட்ரோனேட்டும் கனிமங்களோடு சேர்ந்தால் பயனிழக்கும். நோய்த்தொற்று தீரும் வரை சத்து மாத்திரையை நிறுத்திவைப்பது குறித்து மருத்துவரிடம் கேட்கலாம்.

வார்ஃபரின், அசினோகுமரால் ஆகிய இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளை உட்கொள்வோர், வைட்டமின் கே அடங்கிய மல்டிவைட்டமினைச் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது. செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்கு இது உயிர் சார்ந்த செய்தி.

நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் உட்கொள்வோருக்குப் பி12 குறையக்கூடும். கால் எரிச்சலையும் மரத்துப்போதலையும் சர்க்கரையின் விளைவு என்றே விட்டுவிடாமல், பி12 அளவையும் பார்ப்பது நல்லது.

முடி, நகம் வளர்வதற்கென விற்கப்படும் மாத்திரைகளில் பயோட்டின் பல மில்லிகிராம் இருக்கும். இதயத் தாக்கைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையையும் தைராய்டு பரிசோதனைகளையும் அது பிழையாகக் காட்டச் செய்யலாம். இரத்தம் கொடுக்கும்போது இதனைக் கட்டாயம் கூற வேண்டும்.

யாருக்கு வேண்டும், யாருக்குத் தீங்கு?

கருவுற்றோர், இரைப்பை அல்லது குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், நாட்பட்ட கணைய அழற்சி உள்ளோர், மதுவால் உடல் நலிந்தோர், நோயின் காரணமாக நெடுநாள் சரியாக உண்ண இயலாதோர் ஆகியோருக்குச் சத்து மாத்திரைகள் உண்மையாகவே தேவை. கணைய அழற்சி உள்ளவர்களுக்குக் கொழுப்புச் செரிமானம் சீராகாத வரை எந்த உயர்ந்த மாத்திரையாலும் ஏ, டி, இ, கே சேரா. கணைய நொதி மாத்திரையே அங்கு முதன்மையானது.

நன்கு உண்டு நலமாக இருப்போரிடம், மல்டிவைட்டமின் இதயநோயையோ புற்றுநோயையோ தடுக்கும் என்று உறுதியாகக் கூறச் சான்று போதவில்லை. சிலருக்குத் தீங்கும் உண்டு. புகைப்பிடிப்போர் பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டபோது நுரையீரல் புற்றுநோய் கூடியதை 1994-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு காட்டியது. கருவுற்ற பெண்கள் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ-யை நாளொன்றுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் உட்கொண்டால் சிசுவுக்குக் குறைபாடு நேரலாம். தலசீமியா நோயாளிகளுக்கு இரும்பும், சிறுநீரகம் செயலிழந்தோருக்கு வைட்டமின் ஏ-யும் உடலில் தேங்கும். 60,000 யூனிட் வைட்டமின் டி பெரும்பாலும் வாரம் ஒருமுறைக்கானது. அதனை நாள்தோறும் உட்கொண்டுவிட்டால் இரத்தத்தில் கால்சியம் உயர்ந்து, வாந்தி, மிகுந்த தாகம், மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை வரலாம்.

காரணம் அறியாமல் சத்து மாத்திரையால் இரத்தசோகையைச் சரிசெய்ய முயல்வதும் தவறு. ஐம்பது வயது கடந்த ஒருவருக்கு இரும்பு குறைந்தால், குடலில் புண்ணோ புற்றோ இருந்து இரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலம் மட்டும் உட்கொண்டால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும். நரம்புகள் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

நாளை முதல் செய்யக்கூடியவை

தைராக்சின், மல்டிவைட்டமின், கால்சியம் ஆகிய மூன்றையும் உட்கொள்பவர், எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தைராக்சினை உட்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துக் காப்பியும் சிற்றுண்டியும் கொள்ளலாம். மதிய உணவுக்குப் பின் இரும்பு அடங்கிய மல்டிவைட்டமின். இரவு உணவோடு கால்சியம். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி மாத்திரைப் பெட்டியில் ஒட்டிவைத்தால், வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் எளிதாக இருக்கும்.

மாத்திரைகளை அடுப்பருகிலோ சன்னலோரத்திலோ வைக்க வேண்டாம். வெப்பமும் ஈரமும் வைட்டமின்களைச் சிதைக்கும். இரும்பு மாத்திரைகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். மிட்டாய் என எண்ணிச் சில மாத்திரைகளைத் தின்றுவிட்டாலும், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே குழந்தையை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மருத்துவர் எழுதித் தந்தவை, கடையில் தாமாக வாங்கியவை, உறவினர் வெளிநாட்டிலிருந்து அனுப்பியவை என வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்தலாம், எதை எந்த வேளைக்கு மாற்றலாம் என்பதை மருத்துவரோ மருந்தாளுநரோ சில நிமிடங்களில் வரிசைப்படுத்தித் தருவார். புதிதாக ஒன்றை வாங்கவே தேவையில்லை என்பதும் பலருக்கு அப்போது தெரியவரும்.