தில்லிக் குளிரும் கணினிப் படமும்

தில்லியில் கம்பளி வியாபாரம் செய்பவனுக்குக் குளிர் பிந்தினால் கடனுக்கு எடுத்த சரக்கு அப்படியே தங்கிவிடும். அதனால்தான் வானிலை மாதிரிப் படங்களைப் பார்க்கப் பழகினேன். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு இமயமலையில் பனியைக் கொட்டும்போது இங்கே மேகம் மூடி, இரவு கதகதப்பாகவே இருக்கும். 'குளிர் எங்கேய்யா?' என்பார்கள். அது கிழக்கே நகர்ந்து, வானம் தெளிந்து, வடமேற்குக் காற்று இறங்கினால்தான் குளிர். ஆகவே மழைப் படத்தோடு நிற்காமல், சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் காற்றின் வெப்பநிலைப் படத்தையும் பாருங்கள். ஒரே படத்தை நம்பக்கூடாது. ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி 50 கணிப்புகள் போடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஒத்துப்போனால்தான் நான் சரக்குக்குச் சொல்லுவேன். மூடுபனி விஷயத்தில் மட்டும் மாதிரிகள் தடுமாறும்; வெயில் ஏறாமல் பகலே நடுங்க வைத்துவிடும்.