ஜலதோஷமும் அஞ்சறைப் பெட்டியும்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் நம் தமிழ்நாட்டு வீடுகளில் தும்மல் கச்சேரி ஆரம்பமாகிவிடும். மூக்கு ஒழுகுகிறவர் ஒருவர்தான். வைத்தியம் சொல்கிறவர்களோ பத்துப் பேர். பாட்டி சுக்குக் கஷாயம் என்பாள். அத்தை நொச்சித் தழை போட்டு வேது பிடிக்கச் சொல்வாள். வீட்டு எஜமானரோ, டாக்டரைப் பாராமலே மருந்துக் கடையில் நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிவரப் புறப்படுவார். நம்மைக் கேட்டால் பெரும்பாலும் பாட்டியின் கட்சிக்கே வோட்டுப் போடுவோம். ஆனால் ஒன்றிரண்டு விஷயங்களில் பாட்டியையும் எதிர்த்தே தீரவேண்டியிருக்கிறது.

எஜமானரின் கட்சியை முதலில் பைசல் செய்துவிடலாம். ஜலதோஷத்துக்கும் இன்புளூயன்ஸா ஜுரத்துக்கும் காரணம் வைரஸ் என்னும் நுண்கிருமி. மனிதரைப் பீடிக்கும் இன்புளூயன்ஸா வைரஸை லண்டனில் 1933-ல் பிரித்தெடுத்தார்கள். ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியா என்ற வேறு ஜாதிக் கிருமிகளைத்தான் கொல்லும். வைரஸிடம் அவற்றின் ஜம்பம் சாயாது. வேண்டாத வேளையில் விழுங்கிக்கொண்டே வந்தால், உயிருக்கு மன்றாடும் வேளையில் அவை கைவிட்டுவிடும்.

ஜலதோஷம் ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடுகிறது. பின் கஷாயம் எதற்கு என்று கேட்கலாம். அந்தப் பத்து நாளும் மனிதன் மூச்சு விடவேண்டும், தூங்கவேண்டும், நாலு கவளம் சாப்பிடவேண்டும் அல்லவா? அதற்குத்தான். நோயை விரட்டுவது உடம்பின் வேலை. உடம்புக்கு உபசாரம் செய்வது அஞ்சறைப் பெட்டியின் வேலை.

உபசாரங்களுள் தலையாயது மிளகு ரசம். சென்னை ராஜதானியில் வந்து குடியேறிய வெள்ளைக்காரர்கள் நமது மிளகுத் தண்ணீரில் சொக்கிப்போய், அதற்கு 'முல்லிகட்டாணி' என்று பெயரிட்டுக் கப்பலேற்றிச் சீமைக்குக் கொண்டுபோனார்கள். சென்னையில் இருந்த ஆங்கிலேயர்களுக்கே இதனால் 'மல்' என்று பட்டப்பெயர் உண்டாயிற்று! சூடான பானத்தின் குணத்தைச் சீமையிலேயே பிற்பாடு பரீட்சித்தும் பார்த்தார்கள். கார்டிப் சர்வகலாசாலையில் 2008-ல் ஜலதோஷக்காரர் முப்பது பேரை வைத்து நடத்திய சோதனையில், ஒரே பானத்தைச் சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டை வலி, தும்மல், இருமல், குளிர், அசதி எல்லாம் சற்றுத் தணிந்தன. ஆறிப்போனதைக் குடித்தவர்களுக்கு அத்தனை சுகம் கிட்டவில்லை. ரசத்தைக் கொதிக்கக் கொதிக்கத் தம்ளரில் ஊற்றி நீட்டும் நம் வீட்டு ஸ்திரீகளுக்கு இது புதிய செய்தி அன்று.

அடுத்தது கஷாயம். சுக்குக்கு மிஞ்சிய மருந்து இல்லை என்பது பழமொழி. சுண்டுவிரல் நீளச் சுக்கைத் தட்டி, பத்து மிளகும் ஒரு பிடி துளசியும் சேர்த்து, இரண்டு தம்ளர் ஜலத்தை ஒன்றாகச் சுண்டவைத்து, பனங்கற்கண்டு போட்டு இரண்டு வேளையாகப் பருகலாம். வயிற்றில் புண் உள்ளவர்கள் மிளகைக் குறைத்துக்கொள்வது நலம். மஞ்சள் போட்ட பாலில் மிளகுப் பொடியும் தூவும் வழக்கம் இருக்கிறதே, அதற்கும் ஒரு நியாயம் உண்டு. மஞ்சளின் சத்து தனியே போனால் இரத்தத்தில் அதிகம் சேராது. மிளகின் சத்தோடு போனால் பல மடங்கு சேருகிறது என்று 1998-ல் பெங்களூர் வைத்தியக் கல்லூரி ஒன்றில் கண்டார்கள். இதனால் ஜலதோஷமே ஓடிவிடும் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

வேலியோரம் கேட்பாரற்று வளரும் ஆடாதோடையின் கதை இன்னும் ருசிகரமானது. ஆடுகூடத் தொடாத கசப்பு இலை; ஆகையால்தான் அந்தப் பெயர் என்பார்கள். இருமலுக்கு அதைக் காய்ச்சிக் குடிப்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். அதிலுள்ள வாஸிஸின் என்னும் சரக்கை மாதிரியாக வைத்துத்தான் ஐரோப்பிய ரசாயனிகள் புரோம்ஹெக்ஸின் என்ற மருந்தைச் செய்து 1963-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கபத்தை இளக்கும் அம்மருந்து சீசாவில் அடைபட்டு நம் கடைகளுக்கே திரும்பி வந்து சேர்ந்தது! கர்ப்பிணிகள் மாத்திரம் ஆடாதோடையைத் தொடலாகாது. அது கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

தேனும் சும்மா இல்லை. படுக்கப்போகுமுன் ஒரு சிறு கரண்டி தேன் கொடுத்தால் குழந்தைகளின் இராத்திரி இருமல் தணிவதை அமெரிக்காவில் 2007-ல் நடந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. ஆனால் ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் தேனை நாக்கில் தடவவும் கூடாது. தேனில் ஒளிந்திருக்கக்கூடிய ஒரு கிருமி, சிசுவின் குடலில் முளைத்து, கை கால்களைத் துவளச் செய்யும் விஷத்தை உண்டாக்கும்.

பாட்டியோடு நமக்குச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. பச்சைக் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சளி எடுக்கிறதாக எண்ணம். எண்ணெய் மூக்கோடு நிற்பதில்லை. சுவாசக் குழல் வழியே இறங்கி நுரையீரலில் தங்கி அங்கே வீக்கத்தை உண்டாக்குகிறது. சளிக்குச் செய்த வைத்தியம் நிமோனியாவில் கொண்டுபோய் விடுகிறது. கற்பூரமும் அப்படியே. சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரும். மூக்கருகிலும் நெஞ்சிலும் சிசுவுக்கு அதைத் தடவவே வேண்டாம். மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் தவிக்கும் குழந்தைக்கு, டாக்டரைக் கேட்டு வாங்கிய உப்பு ஜலச் சொட்டே போதும். நொச்சித் தழை வேது பெரியவர்களுக்கு ஆனந்தமாக இருக்கும், தாராளமாகப் பிடிக்கட்டும். கொதிக்கும் பாத்திரத்தின் முன்னால் குழந்தையைப் போர்வைக்குள் உட்காரவைப்பது மட்டும் வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் அநேகம்.

இனி இன்புளூயன்ஸா. இதை ஜலதோஷத்தின் தமையன் என்று நினைத்து அலட்சியம் செய்கிறோம். ஜலதோஷம் மெதுவாக வரும்; இது காலையில் நன்றாயிருந்தவரை மாலையில் கடும் ஜுரத்தோடும் உடம்பு வலியோடும் படுக்கையில் தள்ளிவிடும். 1918-ல் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்து, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. வைத்தியர்கள் பலரை அந்நிய அரசாங்கம் யுத்தகளத்துக்கு அனுப்பியிருந்த காலம் அது. இப்போது தடுப்பூசி இருக்கிறது. முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால் பலன் தரும் ஒஸெல்டாமிவிர் என்ற மருந்தும் இருக்கிறது. நாம் பிரியாணிக்குத் தாளிக்கும் அன்னாசிப்பூவிலிருந்து எடுத்த அமிலத்தைக் கொண்டே அதைத் தயாரித்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் அன்னாசிப்பூவைக் கஷாயம் வைத்துக் குடிக்கவேண்டாம். பல ரசாயன மாறுதல்களுக்குப் பிறகே அது மருந்தாகிறது. கர்ப்பிணிகள், வயோதிகர்கள், நீரிழிவுக்காரர்கள், ஆஸ்துமாக்காரர்கள் ஆகியோர் இந்த ஜுரத்தில் கஷாயத்தை நம்பிக் காத்திராமல் முதல் நாளே டாக்டரைப் பார்க்கவேண்டும்.

குழந்தை விஷயத்தில் தாய்மாருக்குக் கடிகாரம் ஒன்று போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணவேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற கணக்கை மூச்சு எட்டினாலும், மூச்சு இழுக்கும்போது விலாவின் அடிப்புறம் உள்ளே குழிந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், கஷாய அடுப்பை அணைத்துவிட்டு அந்த க்ஷணமே ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும். நடுநிசியானாலும் சரி, விடியட்டும் என்று இருக்கக்கூடாது.