ஞானப்பல்லும் அதன் மேல் படர்ந்த ஈறும்

காது வலிக்கிறது, எச்சில் விழுங்கினால் தொண்டை குத்துகிறது என்று காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போகும் இளைஞர்கள் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தவர், "டான்சில் நல்லாத்தான் இருக்கு, பல் டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். ஞானப்பல் வலி இப்படி ஊர் சுற்றிவிட்டுத்தான் சில சமயம் சரியான இடத்துக்கு வந்து சேர்கிறது.

ஞானப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். அதற்குள் மற்ற 28 பற்களும் தாடையில் இடம்பிடித்துவிட்டிருக்கும். கடைசியாக வருவது, குறிப்பாகக் கீழ்த்தாடையில், இடம் போதாமல் சாய்ந்து, பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக நின்றுவிடும். அந்தப் பாதிப் பல்லின் மேல் ஈறு ஒரு மடிப்பாகக் கிடக்கும். மடிப்புக்கு அடியில் பிரஷ் போகாது. சோற்றுப் பருக்கை போகும். ஆக்சிஜன் எட்டாத அந்த இடுக்கில், ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ஈறு வீங்குகிறது. வாயை மூடும்போதெல்லாம் மேல்தாடைப் பல் அதன் மேல் இடிக்கிறது. இடிபட்ட ஈறு இன்னும் வீங்குகிறது. இதற்குப் பெரிகொரோனைட்டிஸ் என்று பெயர். பல்லில் துளிகூடச் சொத்தை இல்லாமலே இது வரும். கண்ணாடியில் பார்த்து, பல் நன்றாகத்தானே இருக்கிறது என்று பலர் ஏமாந்துபோவது அதனால்தான்.

கடைவாயில் விண்விண்ணென்ற வலி, வாயில் ஒரு கெட்ட ருசி, நாற்றம், அழுத்தினால் கசியும் சீழ், தாடைக்குக் கீழே நெறி கட்டுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இன்னொன்றை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைத்தால், சாதாரணமாகப் பெரியவர்களுக்கு நுழையும். சீழ் பரவி, மெல்ல உதவும் தசையைத் தொட்டுவிட்டால் ஒரு விரலே சிரமம். ஆனால் பாக்கு, குட்கா போடுகிறவர்களுக்கு வாய் திறக்காமல் போவதற்கு வேறு காரணமும் உண்டு. கன்னத்தின் உட்புறம் நாராக இறுகிப்போகும் அந்த நோய் புற்றுநோயில் முடியக்கூடும். அதை ஞானப்பல்லின் தலையில் கட்டிவிடக் கூடாது.

இந்த வலிக்கு நம் ஊரில் முதல் மருத்துவர் மெடிக்கல் ஷாப்காரர்தான். மூன்று நாளைக்கு ஆன்டிபயாட்டிக், கூடவே வலி மாத்திரை. வீக்கம் வடியும்; ஆள் மறந்துவிடுவார். மடிப்பும் அதற்கடியில் சிக்கிய குப்பையும் அங்கேயே இருப்பதால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி வலி கிளம்பும். காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, பரவும் வீக்கம் இவை இருந்தால்தான் மெட்ரோனிடசோல், அமாக்சிசிலின் போன்ற மருந்துகளுக்கு வேலை.

பல் டாக்டர் முதலில் செய்வது சுத்தம். முனை மழுங்கிய வளைந்த ஊசியை மடிப்புக்குள் நுழைத்து, சலைன் நீரைப் பீய்ச்சுவார். வெள்ளையும் மஞ்சளுமாக அழுக்கு வெளியே வரும். பார்க்கச் சகிக்காது, ஆனால் அழுத்தம் குறைந்ததுமே வலி தணியத் தொடங்கும். மேல்பல் ஈறைக் கடித்துக்கொண்டிருந்தால் அதன் முனையைத் தேய்ப்பார், தேவைப்பட்டால் அந்தப் பல்லையே எடுப்பார். வீட்டில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது நல்லது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்புவது கூடாது, தோல் வெந்துபோகும்.

அப்போதே பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. சீழ் பிடித்த சதையில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மரத்துப்போக வைக்கும் ஊசி சரியாக வேலை செய்யாது. வாய் திறக்காவிட்டால் ஊசியைச் சரியான இடத்தில் போடுவதே கஷ்டம். அதனால்தான் பல டாக்டர்கள் சில நாள் தள்ளிப்போடுகிறார்கள்.

தள்ளிப்போடக் கூடாத நிலையும் ஒன்று உண்டு. கீழ் ஞானப்பல்லின் வேர்நுனி, நாக்குக்கு அடியில் வாயின் தரையாக இருக்கும் தசைக்கும் கீழே இருக்கிறது. சீழ் அங்கிருந்து நேராகக் கழுத்துப் பக்கம் இறங்கிவிடலாம். தாடையின் அடிப்பகுதி மரக்கட்டையாக இறுகி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, மூச்சுப்பாதை அடைபடும். 1836இல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் லுட்விக்கின் பெயராலேயே இது லுட்விக் ஆஞ்சைனா எனப்படுகிறது. எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

பல்லை எடுப்பதா, விடுவதா? பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொந்தரவு தராத ஞானப்பல்லைத் தொட வேண்டாம் என்றது. ஈறு வீக்கம் முதல் தடவையே கடுமையாக வந்தாலோ, இரண்டாவது முறை வந்தாலோ எடுக்கலாம். எடுக்கும் முன் தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே அவசியம். கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேரை ஒட்டி ஓடுவதுண்டு. மிகவும் நெருங்கியிருந்தால் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வேரை உள்ளேயே விட்டுவிடும் முறையும் இருக்கிறது.

எடுத்தபின் குழியில் உறையும் ரத்தம்தான் அங்கே இயற்கை போடும் கட்டு. சிகரெட் பிடித்தாலோ, முதல் நாளே வேகமாகக் கொப்பளித்தாலோ அது பெயர்ந்து எலும்பு வெளியே தெரியும். குறைந்துகொண்டே வந்த வலி மூன்றாம் நாள் திடீரெனக் கூடிக் காதுவரை இழுத்தால் அந்த ரத்தக்கட்டு பெயர்ந்திருக்கலாம். டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி அடங்கிவிடும்.