விடுதலை ஆனபிறகும் ஒரு விசாரணை!

"குற்றம் ருசுவாகவில்லை. எதிரியை விடுதலை செய்கிறேன்."

செஷன்ஸ் ஜட்ஜ் இவ்வாறு சொன்னதும் கூண்டில் நிற்பவன் கைகூப்புகிறான். மனைவி மக்கள் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அதே கோர்ட்டு வாசலில், கொலையுண்டவனின் தாய் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

வழக்கு இத்துடன் தீர்ந்ததா? இல்லை!

விடுதலையை எதிர்த்து அப்பீல் செய்யும் உரிமையை 1872-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டமே சர்க்காருக்குக் கொடுத்தது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் இது 419-வது பிரிவு. ஆனால், ஐகோர்ட்டு அனுமதி கொடுத்த பிறகே சர்க்காரின் அப்பீல் விசாரணைக்கு வரும். 2009 கடைசியில் அமலுக்கு வந்த ஒரு திருத்தம், பாதிக்கப்பட்டவருக்கும் அவருடைய வாரிசுக்கும் அப்பீல் உரிமை தந்தது. ஆகவே அந்தத் தாயும் ஐகோர்ட்டுப் படி ஏறலாம்.

முகம் பார்த்தவர் யார்?

ஐகோர்ட்டு நீதிபதிகள் சாட்சியம் முழுவதையும் புதிதாகப் பரிசீலிக்கலாம். அதற்குத் தடையே கிடையாது. ஆனால் அவர்கள் முன் இருப்பது காகிதக் கட்டு. சாட்சி தடுமாறியதையும் விழித்ததையும் நேரில் பார்த்தவர் கீழ்க் கோர்ட்டு ஜட்ஜ்தான்.

1934-ல் ஷியோ ஸ்வரூப் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு வழி வகுத்தது. அதிகாரம் முழுமையானது, எனினும் நான்கு விஷயங்களை மறக்கக்கூடாது என்றது. சாட்சிகளைப் பற்றிக் கீழ் ஜட்ஜ் கொண்ட அபிப்பிராயம் ஒன்று. எதிரி நிரபராதி என்ற அனுமானம், விடுதலையினால் குறைந்துவிடுவதில்லை என்பது இரண்டு. சந்தேகத்தின் பலன் அவனுக்கே என்பது மூன்று. நேரில் பார்த்தவரின் முடிவை அவசரப்பட்டு மாற்றலாகாது என்பது நான்கு.

கைகள் கட்டப்பட்டனவா?

1950-களில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகள் சில, விடுதலையை மாற்ற "வலுவான, நிர்ப்பந்தமான காரணங்கள்" வேண்டும் என்றன. அப்படியானால் ஐகோர்ட்டின் கைகள் கட்டப்பட்டனவா என்ற குழப்பம் எழுந்தது. 1960-ல் சன்வத் சிங் வழக்கில் நீதிபதி சுப்பாராவ் அதைத் தீர்த்தார். அந்தச் சொற்கள் அதிகாரத்தைக் குறைப்பதற்கு அல்ல. 1934-ம் வருஷத்து விதியே சரியான வழிகாட்டி என்றார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நிலா வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்த்ததாக ஒரே ஒரு சாட்சி. ஜட்ஜ் நம்பவில்லை. ஐகோர்ட்டுக்கோ நம்பலாம் போல் தோன்றுகிறது. இரண்டு எண்ணங்களும் நியாயமானவை என்றால் விடுதலையே நிற்கும்! 2007-ல் சந்திரப்பா வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு இதையே உறுதி செய்தது. ஆனால் டாக்டரின் முக்கியமான சாட்சியத்தை ஜட்ஜ் கவனிக்காமலே விட்டிருந்தால்? அப்போது ஐகோர்ட்டு தலையிடத்தான் வேண்டும்.

1973-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் இன்னொரு பக்கத்தையும் எடுத்துக் காட்டினார். எடுத்ததற்கெல்லாம் சந்தேகம் என்று குற்றவாளிகளை விட்டுவிட்டால், சட்டத்தின் மேல் ஜனங்களுக்கு மதிப்பே போய்விடும் என்று எச்சரித்தார்.

ஐகோர்ட்டு விடுதலையை ரத்து செய்து தூக்கு, ஆயுள் அல்லது பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை விதித்தால், எதிரி உரிமையோடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம்.

தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். அந்தத் தாய்க்கு இன்னொரு விசாரணை உண்டு. வீடு திரும்பியவனுக்கோ, அந்த விசாரணையிலும் சந்தேகத்தின் பலன் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் அப்பீல் கோர்ட்டின் வேலை.