37 வயதில் நாகேஷுக்கு அம்மா... 85 வயதிலும் சீரியல்!

திருவொற்றியூரில் எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால், டி.வி-யில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே கேட்காது. முகத்தைப் பார்த்துத்தான் கதையைப் புரிந்துகொள்ள வேண்டும். அப்படி, சத்தமே இல்லாமல் எங்களுக்குப் புரிந்த முகங்களில் ஒன்று, எஸ்.என்.லட்சுமி பாட்டியுடையது.

போன வாரம் என் மகள் செல்போனில் ஒரு ரீல்ஸ் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் போகிற இடமெல்லாம் கைவரிசை காட்டும் அந்தத் திருட்டுப் பாட்டி! “யாரும்மா இவங்க?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா முந்திக்கொண்டார். “நாகேஷோட அம்மாடி!”

அம்மா சொன்னதிலும் தப்பில்லை. ‘சர்வர் சுந்தரம்’ பார்த்தவர்களுக்கு அவர் என்றைக்கும் நாகேஷின் அம்மாதான். கே.பாலசந்தரின் நாடகம் 1964-ல் ஏவி.எம். தயாரிப்பில், கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் படமானது. மகன் சினிமாவில் பெரிய ஆளாகிவிடுவான். ஆனால், ஷூட்டிங்கை விட்டு அவன் ஓடிவருவதற்குள் தாய் கண்ணை மூடிவிடுவாள். இப்போது ஒரு சின்னக் கணக்கு. லட்சுமி பிறந்தது 1927. நாகேஷ் 1933. அதாவது, தன்னைவிட ஆறே வயது இளையவருக்கு அம்மா! அப்போது அவருக்கு 37 வயதுதான். அந்த வயதில் தலையில் போட்ட நரை, அதன் பிறகு ஏறக்குறைய 50 வருடங்கள் அவரை விடவே இல்லை.

விருதுநகர் பக்கம் சென்னெல்குடி அவர் ஊர். வீட்டில் 13-வது பிள்ளை. அப்பா இறந்த பிறகு குடும்பம் நொடித்துப்போக, 11 வயதிலேயே நாடகக்காரர்களோடு கிளம்பிவிட்டார். அந்தக் காலத்தில் நாடகத்துக்குப் போன பெண்ணை ஊர் என்ன பேசியிருக்கும் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நாடகக் குழு, பிறகு பாலசந்தரின் குழு என்று மேடைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். ஆயிரக்கணக்கான முறை மேடை ஏறியிருக்கிறார்.

மேடைக்கு ரீடேக் கிடையாது. எதிரில் நிற்பவர் வசனத்தை மறந்தால் நாமே சமாளித்து இழுத்துச் செல்ல வேண்டும். கடைசி வரிசைக்காரருக்கும் குரல் கேட்க வேண்டும். ராயபுரத்திலிருந்து வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை கொட்டகைக்கு நடந்தே போய் விடிய விடிய நாடகம் பார்த்த என் தாத்தா, “பாட்டு நல்லா இல்லைன்னா சோடா பாட்டில் பறக்கும்” என்பார். அப்படிப்பட்ட ஆடியன்ஸிடம் தேறியவர்களுக்கு கேமரா எம்மாத்திரம்? எம்.ஜி.ஆரின் ‘பாக்தாத் திருடன்’ படத்தில் டூப் போடாமல் சிறுத்தையோடு மோதியவர் என்றும் லட்சுமியைப் பற்றிச் சொல்வார்கள்.

சிரிக்க வைத்த அதே பாட்டிதான் ‘மகாநதி’யில் நம்மை அழவைத்தார். சீட்டுக் கம்பெனி மோசடியில் மாட்டி மருமகன் ஜெயிலில் கிடக்க, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் மாமியார். 1994 பொங்கலுக்கு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எங்கள் தெருவிலும் சீட்டு கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. என் சித்தி அதில் ஒருத்தி.

லட்சுமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால், திரையில் அவருக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை பேரன் பேத்திகள்! நாயகி ஆக வேண்டும் என்று காத்திருந்தால், பத்து வருடத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கிடைத்த அம்மா வேஷத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதால்தான், தன் வயதையொத்த கதாநாயகிகள் ஓய்ந்த பிறகும் அவருக்கு வேலை இருந்தது என்று எனக்குத் தோன்றும். ‘விருமாண்டி’ வரும்போது அவருக்கு 77 வயது. கலைமாமணி விருதும் வாங்கினார்.

சினிமாவில் பாட்டிகளுக்கு வேலை குறைந்தபோது சீரியல்கள் கூப்பிட்டன. சன் டி.வி-யில் ‘தென்றல்’, விஜய் டி.வி-யில் ‘சரவணன் மீனாட்சி’. அறுபது வருடங்களுக்கு முன் நாடகம் பார்க்கக் கொட்டகை தேடிப் போன குடும்பங்களின் வீட்டுக்குள்ளேயே தினமும் வந்து உட்கார்ந்தார் பாட்டி. 2012 பிப்ரவரி 20 அன்று அவர் இறந்தபோதும் ‘சரவணன் மீனாட்சி’ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதையெல்லாம் கேட்ட என் மகள், அவரது முதல் படம் எது என்றாள். 1948-ல் வந்த ஜெமினியின் ‘சந்திரலேகா’. அந்தப் புகழ்பெற்ற முரசு நடனத்தில் கூட்டத்தோடு ஆடிய பெண்களில் ஒருத்தி லட்சுமி. உடனே யூடியூபில் போட்டு, நிறுத்தி நிறுத்தித் தேட ஆரம்பித்தாள். பெரிய பெரிய முரசுகள், எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை, எல்லோருமே இளம் பெண்கள். கால் மணி நேரம் ஆகியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“வயசுப் பொண்ணா இருந்தா எப்படிடி அடையாளம் தெரியும்?” என்றார் அம்மா. “நமக்குத் தெரிஞ்சதே பாட்டியைத்தானே!”