கோபுரமா, காதோரத்துப் போனா?

யட்டவத்தப் பகுதியில் புதிய தொலைபேசிக் கோபுரம் என்ற பேச்சு எழுந்தாலே வட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்றத் தொடங்கிவிடும். புற்றுநோய், மலட்டுத்தன்மை, குருவிகளின் அழிவு. விஞ்ஞானம் படிப்பிப்பவன் என்பதால் ஜும்ஆ முடிந்து வரும்போது என்னிடமும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நேற்று முளைத்ததல்ல.

நுண்ணலைகளை முதன்முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ். 1895இல் அவரது அலைகள் சுவர்களைக் கடந்து மணியை ஒலிக்கச் செய்தன. பிற்காலத்தில் தாவரங்களின் பக்கம் திரும்பிய அவர், 1919இல் 'நேச்சர்' சஞ்சிகையில் கம்பியில்லாத் தந்தி அலைகளுக்குச் செடிகள் துலங்குவதாக எழுதினார். மெல்லிய தூண்டல் வளர்ச்சியை விரைவாக்கியதாம், வலுவானது தாமதப்படுத்தியதாம்.

மனித உடல் பற்றிய அச்சம் இரண்டாம் உலகப் போரின் ராடாருடன் வந்தது. 1948இல் அமெரிக்க ஆய்வாளர்கள், வலுவான நுண்ணலை பட்ட விலங்குகளின் கண்களில் புரை உண்டாவதைக் கண்டார்கள். காரணம் வெப்பம். நுண்ணலை உடலிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடேற்றும். மற்ற உறுப்புகளில் அந்தச் சூட்டை இரத்தம் அள்ளிச் சென்றுவிடும். கண் வில்லையில் இரத்தக் குழாயே கிடையாது. எக்ஸ் கதிரைப் போல மூலக்கூறை உடைக்கும் சக்தி நுண்ணலைக்கு இல்லை. குரல் பதிவுகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

1953இல் ஹெர்மன் ஷ்வான் முன்மொழிந்த எல்லை, சதுர சென்ரிமீற்றருக்கு 10 மில்லிவாற்று. சோவியத் நாடு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை எல்லையாக வைத்தது. அங்கே தொழிலாளரின் தலைவலியும் களைப்பும்கூடக் கணக்கில் எடுக்கப்பட்டன. வெப்பமில்லாமலும் பாதிப்பு உண்டா என்ற அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. 2011இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்த அலைகளை 'புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. அதற்கு முக்கிய ஆதாரம் கோபுரங்கள் அல்ல, கையடக்கத் தொலைபேசியை அதிகம் பாவித்தவர்கள்.

தூரம் இரு மடங்கானால் அலையின் செறிவு காற்பங்காகும். ஆகவே மலையுச்சிக் கோபுரத்தைவிடக் காதோரத்துப் போனே நமக்கு நெருக்கம். மலைகளுக்கு நடுவே சிக்னல் குறைந்தால் அந்தப் போன் தன் வலுவைக் கூட்டித்தான் பேசும். கோபுரத்தைத் தூர விரட்டிவிட்டுப் பிள்ளையின் கையில் இரவு முழுக்கப் போனைக் கொடுத்து வைப்பது எனக்கு விளங்காத கணக்கு.

அதற்காகக் கோபுரம் எங்கே வந்தாலும் தலையாட்ட வேண்டியதில்லை. பாடசாலைக்கு அருகில் வருவதானால், வகுப்பறைக்குள் செறிவு எவ்வளவு என்று அளந்து, எழுத்தில் தரும்படி பிரதேச சபையிடம் பெற்றோர் கேட்கலாம்.